கையில் சொரசொரப்பா? தேய்க்காதீர்கள்



பெரியவர்களே, தாய்மார்களே! மேல் கையின் வெளிப்பக்கம் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. தொடையிலும், சிலருக்குக் கன்னத்திலும் வரும்.

இது அழுக்கு அல்ல. ரோமம் முளைக்கிற துவாரத்தைக் கெரட்டின் என்ற தோல்பொருள் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். டாக்டர்கள் கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்பார்கள். பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. அத்தாவுக்கோ அம்மாவுக்கோ இருந்திருக்கும். தொற்றாது. ஒரே துண்டில் துடைக்கலாம், ஒரே பாயில் தொழலாம். வயது ஏற ஏறப் பலருக்குத் தானே குறைந்துவிடும்.

ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டில் என்ன நடக்கிறது? பீர்க்கங்கூடு வைத்து ரத்தம் வரத் தேய்க்கிறோம். தோல் சிவந்து, பிறகு கறுத்து, கறை நின்றுவிடுகிறது. அதைவிட மோசம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். முகம் சிவந்து பருக்கள் கிளம்பும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று 2018இல் அரசே கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைக்கு இருந்தது நோயே இல்லை. நாம்தான் ஒன்றை வாங்கிக் கொடுக்கிறோம்.

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு போதும். குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ பூசுங்கள். உளூ செய்யும் கை ஐந்து வேளையும் நனைந்து காய்வதால் இன்னும் வறளும். இஷா தொழுதுவிட்டுப் படுக்கும்போது இன்னொரு தடவை பூசிக்கொள்ளலாம். அதிலும் அடங்காவிட்டால் யூரியா கலந்த களிம்பு இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வாரத்தில் பலன் தெரியாது, மாதங்கள் ஆகும். விட்டால் திரும்ப வரும்.

இன்னொரு சொரசொரப்பு இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முழங்கை, முழங்கால் பக்கம் முள்முள்ளாகக் கிளம்புவது. தேரையின் தோல் என்று பொருள்படும் பெயரை 1933இல் லூசியஸ் நிக்கோல்ஸ் என்ற டாக்டர் இதற்கு வைத்தார். 1930களில் குன்னூர் சத்துணவு ஆய்வுக்கூடத்தார் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடமும் இதைப் பார்த்தார்கள். இது சாப்பாட்டுக் குறை. வெறும் சோறும் ரசமும் போதாது. முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு, நம் செஞ்சிப் பக்கத்து வேர்க்கடலையும் தட்டில் விழவேண்டும். கூடவே பொழுது சாய்ந்தால் பிள்ளை தட்டுத்தடுமாறுகிறது என்றால் களிம்பு தேடாதீர்கள். மறுநாள் காலையே செஞ்சி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், கண்ணையும் காட்டுங்கள்.