டெபாசிட் இழந்த துகள்



1850-இல் இயற்பியலாளர் லெயோன் ஃபூக்கோ பாரிஸில் சுழலும் கண்ணாடி ஒன்றை வைத்து ஒரு பழைய வழக்கைத் தீர்க்கப் பார்த்தார். ஒளி துகளா, அலையா? நியூட்டன் வழிவந்த துகள் கொள்கைப்படி ஒளி காற்றைவிட நீரில் வேகமாகப் போகவேண்டும். அலைக் கொள்கைப்படி மெதுவாக. மெதுவாகத்தான் போனது. துகள் கட்சிக்கு டெபாசிட்டும் போயிற்று என்று பலர் முடிவு கட்டினார்கள்.

இரு கொள்கைகளில் ஒன்றை ஒரே அடியில் வீழ்த்தும் சோதனை என்பது தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் 1620-லேயே கண்ட கனவு. பாடநூல் எழுதுபவர்களுக்கும் அதன்மேல் தனிப்பிரியம் உண்டு. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அதைவிட வசதியானது கிடையாது.

பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துஹெம் 1906-இல் இந்தக் கனவைக் கலைத்தார். எந்தக் கொள்கையும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை. கருவியைப் பற்றிய நம்பிக்கைகளும் துணை அனுமானங்களும் அதோடு சேர்ந்தே வருகின்றன. விடை பொய்த்தால் எங்கோ பிழை என்று தெரியும், எங்கே என்று தெரியாது. தவிர, மூன்றாவது கட்சி ஒன்று இல்லவே இல்லை என்பதற்கு யார் ஜாமீன்? அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐன்ஸ்டைன் ஒளியை ஆற்றல் பொட்டலங்களாகக் கருதி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஃபூக்கோவின் அளவீட்டில் தவறில்லை. கேள்விதான் குறுகலாக இருந்தது.

சில சோதனைகளுக்குக் கருவியே வேண்டாம். கனமான கல்லையும் லேசான கல்லையும் சேர்த்துக் கட்டினால் எந்த வேகத்தில் விழும் என்று 1638-இல் வெளிவந்த நூலில் கலிலியோ கேட்டார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்கள், கனமானது வேகமாக விழும் என்ற சொந்த விதியிலேயே சிக்கிக்கொண்டார்கள். 1971-இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட்டது சந்தேகம் தீர்க்க அல்ல, கண்ணுக்குக் காட்ட.

தீர்ப்பும் சொல்லாமல், காட்சியும் நடத்தாமல், துருவிக்கொண்டே போகிற சோதனை இன்னொரு வகை. தத்துவவாதிகள் நெடுங்காலம் இதற்கு மரியாதை தரவில்லை. சோதனைக்குத் தனி வாழ்வு உண்டென்று தத்துவவாதி இயன் ஹாக்கிங் வாதிட்டது 1983-இல்தான். இந்த வகைக்கு ஓர் உதாரணம்: திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் கப்பலில் திரும்பும்போது நிக்கோல் பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை மறைத்துக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை. பின்னர் அதே தேடலின் தொடர்ச்சியாகக் கொல்கத்தாவில் அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன் திரவங்களில் மங்கலான வேறு நிற ஒளி ஒன்றைக் கண்டார். அழுக்கின் வேலை என்று எண்ணித் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தும் அது மறையவில்லை. 1928-இல் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் ஏறக்குறைய 60 திரவங்களைப் பார்த்தார்கள். கூடவோ குறையவோ அத்தனையிலும் அது இருந்தது.