விலைச்சீட்டு சொல்லாத கணக்கு

"அங்கே மலிவாமே, வரும்போது ஒன்று வாங்கி வா" என்று உறவினரிடம் சொல்லாதவர் நம்மில் உண்டா? கணக்கைப் பார்ப்போம்.

2023 செப்டம்பரில் ஐஃபோன் 15இன் விலை அமெரிக்காவில் 799 டாலர். அன்றைய நாணய மாற்றுப்படி நமக்கு ஏறக்குறைய 1,090 வெள்ளி. இங்கு விற்றதோ 1,299 வெள்ளிக்கு. இந்த 200 வெள்ளி எங்கே போனது?

அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் அவ்வரியைக் கடையில் பணம் கட்டும்போதுதான் கூட்டுவார்கள். நம் விலையில் அன்றைய 8 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அடங்கியிருந்தது. அதுவே சுமார் 96 வெள்ளி. மீதியில் வாடகை, விநியோகச் செலவு, வெள்ளி மதிப்பு சரிந்தால் நட்டம் வராதிருக்க முன்கூட்டியே வைக்கும் தொகை, இவ்வூர் மக்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்ற கணிப்பு எல்லாம் உண்டு. நாணய மாற்று தினமும் மாறும், விலைச்சீட்டு மாறாது.

வாங்கி வந்தால் லாபமா? 48 மணி நேரம் வெளிநாட்டில் தங்கித் திரும்பும் சிங்கப்பூரருக்கும் 500 வெள்ளி வரைதான் வரிச்சலுகை. மேலும், அமெரிக்காவில் விற்ற ஐஃபோன் 15இல் சிம் அட்டை செருகவே இடமில்லை!

ஆகவே நேயர்களே, மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்ப்பது பாதிக் கணக்குதான். மீதியையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பணப்பையைத் திறப்போம்.