காலியாக இருந்த வெண்டைப் பாத்தி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், சிறந்த காய்கறித் தோட்டப் போட்டியின் நடுவர்களில் ஒருவர் பேசியது)



ஆடிப்பட்டப் போட்டிக்குப் பேர் குடுக்கிறதைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. அதுக்கு முன்னால, போன வருஷம் நடுவரா இருந்து நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிடுறேன்.

புதுசா சேர்ந்த குழுக்களுக்காக ஒரு வார்த்தை. குத்தகை நிலத்தை ஆளுக்கு 3 சென்ட்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கோம். ஒரே கிணறு, ஒரே மோட்டார், தண்ணிக்கு முறை. இது நம்ம கண்டுபிடிப்பு இல்லைங்க. இங்கிலாந்தில் ஊராட்சி நிலத்தை இப்படித் துண்டு துண்டாக வாடகைக்குக் கொடுக்க 1908-லேயே சட்டம் போட்டுட்டாங்க. ஒரு துண்டு சுமார் 250 சதுர மீட்டர், நம்ம கணக்குக்கு 6 சென்ட். அங்கேயும் வருஷா வருஷம் நல்ல தோட்டத்துக்குப் பரிசு உண்டு. களை இருக்கா, வரப்பு சுத்தமா இருக்கா, செடி நிறைஞ்சு நிக்குதான்னு பார்த்துத்தான் மார்க் போடுவாங்க. நாங்களும் அப்படித்தான் போட்டோம்.

புரட்டாசியில் பார்வைக்குப் போனோம். நல்ல வெயில். ஒரு அக்காவோட வெண்டைப் பாத்தியில் பாதி இடம் காலி. பிடுங்கின குழிகூட சரியா மூடலை. "ஏங்க்கா இப்படி?"ன்னு கேட்டேன். "நான்தான் பிடுங்கிப் போட்டேன்"னாங்க. ஏன் பிடுங்கினீங்கன்னு அடுத்த கேள்வி நான் கேட்கலை. 20-க்கு 4 மார்க் எழுதிட்டு நகர்ந்துட்டேன். பரிசு, பக்கத்துத் தோட்டத்துக்குப் போச்சு. பச்சைப் பசேல்னு இருந்துச்சு, குறை சொல்ல முடியாது.

பதினஞ்சு நாள் கழிச்சு உள்கடன் நோட்டு வாங்க அந்தப் பக்கம் போனப்பத்தான் விஷயம் தெரிஞ்சது. வாய்க்காலுக்கு அந்தாண்டை இருந்த ரெண்டு தோட்டத்திலும் வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சள். காய் வெளிறிப் போய், சந்தைக்குக் கொண்டுபோனால் யாரும் கையால தொடமாட்டாங்க. மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ ஒரு செடியில் சாறு உறிஞ்சிட்டு அடுத்த செடிக்குப் பறக்கும்போது கொண்டுபோய்ச் சேர்க்குது. வந்த செடிக்கு மருந்தே கிடையாது. பார்த்த அன்னிக்கே பிடுங்கி எரிக்கணும், இல்லைன்னா புதைக்கணும். அந்த அக்கா அதைத்தான் செஞ்சிருக்காங்க. பரிசு வாங்கின தோட்டம் தப்பிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணும் கேட்டேன், அதுதான் மனசை அறுக்குது. வாய்க்காலுக்கு அந்தாண்டை இருந்த தங்கச்சிக்கும் பிடுங்கணும்னு தெரிஞ்சிருக்கு. "நடுவருங்க வர்ற நேரம்க்கா, பிடுங்கினா மார்க் போயிடும்னு விட்டுட்டேன்"னு சொன்னாள். அவள் பயந்தது சரிதானே? பிடுங்கினவங்களுக்கு நான் குடுத்தது 4 மார்க்தானே! பரிசுக்குன்னு வெச்ச போட்டியே நோயை வளர்த்து விட்டிருக்கு.

அதனால நடுவர் குழு உட்கார்ந்து மார்க் தாளை மாத்தியிருக்கோம். ஒரு நாள் பார்வை இல்லை, மூணு தடவை வருவோம். முதல் தடவை விதைச்ச ஒரு மாசத்துக்குள்ள. பிடுங்கின செடியை நோட்டில் தேதி போட்டு எழுதி வெச்சால் காலியிடத்துக்கு மார்க் குறையாது, கூடும். மஞ்சள் பெயின்ட் அடிச்ச தகரத்தில் விளக்கெண்ணெய் தடவித் தொங்க விட்டிருந்தால் அதுக்கும் மார்க். வெள்ளை ஈ மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கும். செலவு ரொம்பக் குறைச்சல். பழைய எண்ணெய் டின் போதும்.

அறுவடை நோட்டுக்குத் தனி மார்க். எவ்வளவு வித்தீங்கன்னு மட்டும் இல்லை, வீட்டுக்கு எவ்வளவு எடுத்தீங்கன்னும் எழுதணும். இதுக்குச் சில பேர் முகம் சுளிச்சாங்க. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம்ம தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல! நாம என்ன செய்றோம்? அரைக்கீரையைக் கட்டுக் கட்டி வித்துட்டு, வீட்டில் ரசத்தோட சாப்பிட்டு எழுந்திரிக்கிறோம். கீரையோட ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சால் இரும்புச்சத்து நல்லா உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சால் சேராது. (பின்வரிசையில் சிரிக்கிறாங்க. நானும் குடிக்கிறவதான்.)

போன வருஷப் பரிசைத் திருப்பித் தர்றேன்னு அந்தச் சகோதரி குக்கரைத் தூக்கிக்கிட்டு என் வீட்டு வாசலுக்கே வந்துட்டாங்க. நான் வாங்கிக்கலை. அவங்க உழைப்பு பொய்யில்லை. தப்பு என்னோடது. ஆனா பாத்தி காலியான அந்த அக்கா இந்த வருஷம் பேர் குடுக்கலை. அவங்க குழுத் தீர்மான நோட்டில் "தோட்டம் உண்டு, போட்டி வேண்டாம்"னு எழுதியிருக்கு. போய்க் கேட்டேன். "எனக்கு மார்க் முக்கியமில்ல கண்ணு, ஆனா நாலு பேர் முன்னாடி என் பாத்தியைக் காட்டி, இப்படி இருக்கக்கூடாதுன்னு சொன்னியே"ன்னாங்க. சொன்னது உண்மை. மைக்கில் சொன்னேன்.

அக்கா, நீங்க மூணாவது வரிசையில் இருக்கீங்க, பார்த்துட்டேன். அன்னிக்கு மைக்கில் சொன்னதை இன்னிக்கு மைக்கிலேயே திருப்பி வாங்கிக்கிறேன். மன்னிச்சிடுங்க. பேர் பதியற நோட்டு மேடை ஓரமா ஊக்குநர்கிட்ட இருக்கு, சாப்பாடு முடியுறவரைக்கும் மூட மாட்டாங்க.