துயரைத் தாங்கும் வித்தை



பட்டமளிப்பு விழாப் பிரசங்கம் என்றால் தேசசேவை, சத்தியம், விடாமுயற்சி என்று பேசி அமர்வதே சம்பிரதாயம். அவற்றைப் பட்டம் பெறும் உங்களுக்குச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள் ஆதலால், மனம் பொறுக்கமாட்டாத வேதனை வந்து சூழ்ந்துகொள்ளும் அந்த அரை மணி நேரத்தை எங்ஙனம் கழிப்பது என்ற சிறிய விஷயத்தையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் துல்சா நகரில் 1943-இல் பிறந்த மார்ஷா லினஹான் என்ற பெண்மணி, உங்களினும் இளைய பிராயத்தில், 1961-இல், ஹார்ட்ஃபோர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையொன்றில் சேர்க்கப்பட்டு, தம் உடலைத் தாமே வருத்திக்கொள்ளும் வேகத்தை அடக்க இயலாதவராய் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே கிடந்தார். அவரே பிற்காலத்தில் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகி, அத்தகைய துன்பத்தில் உழல்வோருக்கென ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். தம் பூர்வ கதையை உலகறியச் சொன்னதோ 2011-இல், அதே மருத்துவமனையில் நின்று.

அச்சிகிச்சையைக் குறித்து 1991-இல் வெளியான பரிசோதனையில் என் சிந்தையைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. ஓராண்டுக் காலம் அதைப் பெற்ற பெண்கள், வழக்கமான சிகிச்சை பெற்றோரைக் காட்டிலும் தங்களைக் காயப்படுத்திக்கொண்டதும் குறைவு, மருத்துவமனையில் கழித்த நாட்களும் குறைவு. ஆனால் சோகத்திலும் நிராசையிலும் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை. துக்கம் ஒழிந்த பிறகே நடத்தை சீர்படும் என்று நாம் நினைத்திருக்க, துக்கம் உள்ளே இருக்கும்போதே கை தன்னைத் தடுத்துக்கொள்ளப் பழகிவிட்டது.

"ஆண்பிள்ளை அழலாமா" என்று நம் வீடுகளில் அதட்டி வளர்க்கும் அடக்கம் இதுவன்று. அடக்குபவன் வேதனையே இல்லையென்று சாதிக்கிறான். லினஹானோ, வேதனை உண்டென்பதையும், அதை இந்தக் கணத்தில் போக்க வழியில்லை என்பதையும் முற்றிலும் ஒப்புக்கொண்டு, நிலைமையை மேலும் கெடுத்துக்கொள்ளாமல் அவ்வேளையைக் கடக்கச் சொல்கிறார். (அடக்குவதையே பொறுமையென்று நாம் மெச்சி வருகிறோம், எனக்கு அதில் சம்மதமில்லை.)

அவர் கற்பிக்கும் உபாயங்களுள் ஒன்றைச் சொல்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கன்னமும் நனையுமாறு, குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரத்தில் முகத்தைச் சிறிது நேரம் அமிழ்த்தினால், திமிங்கிலம் முதலிய நீரில் மூழ்கும் பிராணிகளுக்கு நேர்வதைப்போல் மனிதருக்கும் இருதயத் துடிப்பு தணிகிறது. கோபமோ பீதியோ உச்சத்திலிருக்கையில் எந்த நியாயத்துக்கும் செவிசாய்க்காத சரீரம், ஒரு பாத்திரத் தண்ணீருக்கு இணங்கிவிடுகிறது. இருதய நோயுள்ளோர் வைத்தியரைக் கேளாமல் இதைச் செய்யலாகாது. தத்துவ விசாரத்தை எதிர்பார்த்து வந்தோருக்கு இது அற்பமாகத் தோன்றலாம்; கடும் வேதனையில் இருப்பவனுக்குத் தத்துவம் கேட்க ஏது அவகாசம்?

தண்ணீரும் உதவாத இரவு எவருக்கேனும் வருமாயின், அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வந்திருக்கும் பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம்: உங்கள் பிள்ளை அந்த எண்ணை அழைத்தது தெரியவந்தால், குடும்ப மானம் போயிற்றென்று நிந்திக்காமல், காய்ச்சலுக்கு அழைத்துப் போவதுபோலவே வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.