யானையின் குருதி கூறும் செய்தி

வாயில்லா உயிர்களுக்கு வைத்தியம் செய்வது அரிய கலையாகும். அவற்றுள்ளும் யானையின் நோயை அறிதல் மிகக் கடினம். நோய் முற்றும்வரை அது தன் தளர்ச்சியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. வழக்கம்போல் ஓலை தின்னும், நீராடும், பாகனின் சொற்கேட்டு நடக்கும். உணவை மறுத்து ஒதுங்கி நிற்கும்போதோ, நோய் உள்ளே நெடுந்தூரம் பரவியிருக்கும். ஆதலினாலேயே மிருக வைத்தியர் யானையின் குருதியை ஆராய்கின்றார்.

யானையின் செவிப்புறத்தே நாளங்கள் புடைத்துத் தோன்றும். பழக்கப்பட்ட யானை செவியைக் கொடுத்து அமைதியாக நிற்கும். மெல்லிய ஊசியாற் சிறிதளவு குருதி எடுக்கப்படும். எடுப்பது எளிது, அதன் பொருளை உணர்வதே அரிது.

மனிதனுடைய குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 50 இலட்சம் செங்குழியங்கள் உள்ளன. யானைக்கு 30 இலட்சம் அளவே உண்டு. இதனைக் கண்டு யானைக்குச் சோகை எனத் துணிதல் தவறாகும். அதன் செங்குழியம் மனிதனுடையதிலும் பெரிது. விட்டம் ஏறத்தாழ 9 மைக்கிரோமீற்றர். எண்ணிக்கையிற் குறைந்தது பருமனில் ஈடாகின்றது.

வெண்குழியங்களிலும் யானை தனித்தன்மை உடையது. ஒற்றைக்குழியங்கள் எனப்படுபவை மனிதனில் நூற்றுக்குப் பத்தளவில் அடங்கும். யானையில் அவை பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றுட் பலவற்றின் கரு இரண்டு மூன்று இதழ்களாகப் பிரிந்து காணப்படும். தானாக எண்ணும் கருவிகள் அவற்றை வேறினக் குழியங்களாகக் கணக்கிடுவதுண்டு. ஆகவே, கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமிட்ட குருதியை, பயின்றவர் ஒருவர் நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்த்தல் இன்றியமையாததாகும்.

தனித்த ஓர் எண்ணை நம்புதலும் ஆகாது. செங்குழிய விகிதமும் புரதமும் ஒருங்கே உயர்ந்தால், யானையின் உடலில் நீர் வற்றியிருத்தல் கூடும். இரண்டும் ஒருங்கே தாழ்ந்தால், ஈரற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை ஐயுறல் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று சாட்சியாகின்றது.

குருதிப் பரிசோதனை உயிர்காக்கும் கருவியாவது கன்றுகளின் விடயத்திலேயாம். இலங்கையிலே தாயை இழந்து பின்னவலவில் வளர்ந்த சாந்தி என்னும் யானை, அமெரிக்காவுக்கு நன்கொடையாக அனுப்பப்பட்டது. வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சிச்சாலையில் 1993இல் அது ஈன்ற கன்று குமாரி. பதினாறே மாதம் வாழ்ந்து, 1995இல் அக்கன்று திடீரென மாண்டது. அதன் இறப்பை ஆராய்ந்தபோது, யானைகளைத் தாக்கும் ஹேர்ப்பீஸ் வைரசு ஒன்று புலனாயிற்று. 1999இல் அவ்வாய்வு உலகுக்கு வெளியாயிற்று.

வளர்ந்த யானைகளின் உடலில் அவ்வைரசு தீங்கின்றி உறைந்து கிடக்கும். கன்றுகளிலோ நுண்ணிய குருதிக்குழாய்களின் உட்சுவரை அழித்து, இதயத்திலும் பிற உறுப்புக்களிலும் குருதியைக் கசியச் செய்யும். முகம் வீங்கி நாக்கு நீலம் பாய்ந்தபின் ஓரிரு நாளிலேயே உயிர் பிரிவதுண்டு. எனினும், வெளிக்குறிகள் தோன்றுமுன்னரே குருதியில் வைரசின் அளவு பெருகத் தொடங்கும். ஒற்றைக்குழியங்களும் குருதிச் சிறுதட்டுக்களும் குறையத் தொடங்கும். அவ்வேளையில் அறிந்தால் வைரசெதிர் மருந்தும், திரவமும், நலமுள்ள வேறொரு யானையின் திரவவிழையமும் செலுத்திக் கன்றைக் காக்க முயலலாம். அறிகுறிகள் முற்றியபின் தொடங்கும் வைத்தியம் பெரும்பாலும் பயனளிப்பதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். குறைவு என்பதை எதனோடு ஒப்பிட்டு அறிவது? நூலிற் கண்ட சராசரி அளவு மட்டும் போதாது. வயதுக்கும் உணவுக்கும் ஏற்ப ஒவ்வோர் யானையின் இயல்பான அளவும் வேறுபடும். வெண்குழியம் இயல்பாகவே மிகுந்த ஒரு கன்றில், நூலின் எல்லைக்குள் அடங்கிய எண்ணும் பெரு வீழ்ச்சியாக இருக்கக்கூடும். எனவே, நலமாயிருக்கும் நாளிலேயே கிரமமாகக் குருதி எடுத்து, அவ்வவ் யானையின் பெயரிற் பதிந்து வைத்தல் வேண்டும்.

செவியைக் கொடுத்து நிற்கக் கன்றைப் பழக்கும் பாகனும், தகட்டை நோக்கும் ஆய்வுகூடத்தாரும், ஏட்டைப் புரட்டும் வைத்தியரும் ஒருமித்துச் செயற்பட்டாலன்றி இப்பணி நிறைவுறாது. நோயில்லா நாளில் எடுத்த குருதியே, நோயுற்ற நாளிற் கன்றின் உயிர்க்காவலாகும்.