வாசலுக்கு வரும் வைத்தியம்



மைசூர்த் தமிழ் அன்பர்களே, நமது ஊரின் ஆரோக்கிய சேவைகளையும் சமூகப் பராமரிப்பு நிலையங்களையும் அறிமுகம் செய்துவைக்குமாறு எனக்குக் கட்டளை. அறிமுகம் என்றால் கிருஷ்ணராஜேந்திர (கே.ஆர்.) ஆஸ்பத்திரியின் குவிமாடத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால் அந்தக் குவிமாடத்தைக் கண்டிராத குடிசைக்கும் வைத்தியத்தைக் கொண்டுசேர்க்கும் ஒரு சகோதரியை இந்த மேடையில் முதலில் நிறுத்த விரும்புகிறேன். பெயர் சொல்லமாட்டேன், உங்கள் தெருவிலேயே ரோஜா நிறச் சேலையில் அவர் நடந்துபோகிறார்.

பிரசவம் முடிந்து தாய் வீடு திரும்பியதும், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று நாற்பத்திரண்டாம் நாள் வரையில் அவர் வருவார். சிசுவைத் துணித்தொட்டிலில் இட்டுத் தராசில் தூக்கி எடை பார்ப்பார். அக்குளில் வெப்பமானியை வைப்பார். சட்டையை விலக்கி, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுவார். அறுபதைத் தொட்டால், பாட்டி என்ன சொன்னாலும் கேளாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார். அவர்தாம் ‘ஆஷா’ எனப்படும் சமூக சுகாதாரச் சேவகி!

கைதட்டுகிறீர்கள்; இந்தக் கைதட்டல் அவர் காதுக்கு எட்டவேண்டும்.

நமது மைசூர்ச் சமஸ்தானம் அந்நாளிலேயே வைத்தியத்தை ராஜதர்மமாகக் கொண்டது. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1924-இல் பெங்களூரில் பிறந்த மருத்துவக் கல்லூரி, 1930-இல் இவ்வூருக்கு வந்தது. உலகம் வாய்திறந்து பேசக் கூசிய கர்ப்பத்தடைக்கு, அதே 1930-இல் அரசாங்கமே ஆலோசனை நிலையம் திறந்த பூமி இது. க்ஷயரோகத்துக்கு மருந்தே கண்டறியப்படாத நாளில், அந்நோய் அரண்மனைக்குள்ளும் புகுந்து இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியைக் கொண்டுபோயிற்று. ராஜகுடும்பத்தின் துக்கம் ராஜகுடும்பத்தோடு முடிந்துவிடாமல், ஏழை எளியவரும் படுத்துக் குணமடைய அவர் பெயரில் ஒரு சானடோரியமாக எழுந்து நின்றது. பெருந்துயரை இப்படிப் பொதுச்சொத்தாக்கிய மண்ணில் அல்லவா நாம் வாழ்கிறோம்!

இன்றைய சர்க்கார் வைத்திய ஏணியின் படிகளை அறிந்துகொள்ளுங்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதன்மேல் தாலூகா ஆஸ்பத்திரி, உச்சியில் கே.ஆர். ஆஸ்பத்திரியும், தாய்சேய்க்குச் செலுவாம்பா ஆஸ்பத்திரியும். பேச்சும் செவியும் குறைந்த குழந்தைக்கு, தேசமே தேடிவரும் அகில இந்திய ஸ்தாபனம் 1965 முதல் நமது மானசகங்கோத்திரியில் இருக்கிறது. அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் பாரதமெங்கும் முப்பத்துமூன்று இடங்களில் தொடங்கியபோது, நமது டி. நரசீபுரமும் அவற்றுள் ஒன்று. இவ்வூர் மருத்துவ மாணவர் சிலர் 1984-இல் சுவாமி விவேகானந்தர் பெயரால் ஓர் இயக்கம் கண்டு, பட்டணத்து வருமானத்தை விட்டு ஹெக்கடதேவனகோட்டைக் காட்டுக்குப் போய், ஜேனு குருபப் பழங்குடியினருக்கு மருந்து கொடுத்தார்கள். அவசரத்துக்கு 108, ஆதரவற்ற முதியவருக்கு 14567. இவ்விரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரி கதியற்றவர்க்கே என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள் சிலர். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். அவர்களை ஒன்று கேட்கிறேன். 2020-இல், கொரோனா பரவி, பெற்ற பிள்ளையே அருகில் வர அஞ்சிய அந்த நாட்களில், கே.ஆர். ஆஸ்பத்திரியின் கதவு யாருக்குச் சாத்தியிருந்தது? நீங்கள் வீட்டைத் தாளிட்டுக்கொண்டு உள்ளே இருந்தபோது, 'காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா' என்று உங்கள் வாசலில் நின்று கேட்டவர் யார்? அதே சகோதரிதானே!

அந்தச் சகோதரிக்கு நாம் செய்த மரியாதை என்ன? 2005-இல் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று நியமித்தோம். இன்றுவரை 'தொண்டர்' என்றே ஏட்டில் எழுதுகிறோம். தடுப்பூசிக்கு இவ்வளவு, பிரசவத்துக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. அதன்மேல் ஒரு சிறு மதிப்பூதியம். அங்கன்வாடித் தாய்க்கும் ஏறக்குறைய இதே கதி. தொண்டு என்னும் புண்ணியப் பெயரால் ஒரு பெண்ணின் உழைப்பை மலிவாக வாங்குவது தர்மமாகாது. இதை எந்தக் கட்சி ஆண்டாலும் சொல்வேன், எந்த மேடையிலும் சொல்வேன்!

ஆகையால், அன்பர்களே, நாளைக் காலையில் உங்கள் வட்டாரத்துச் சுகாதார நிலையம் எது என்று கேட்டறியுங்கள். அந்தச் சகோதரி வந்தால் வாசலில் நிற்கவைக்காமல் உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். அவருக்கு மாதச் சம்பளமும் ஊழியர் அந்தஸ்தும் கோரி விண்ணப்பம் வரும்போது, முதல் கையெழுத்து மைசூர்த் தமிழருடையதாக இருக்கட்டும்.