அரக்கான் அகதிகளுக்காக ஜனாதிபதி குரல் எழுப்ப வேண்டும்

(அக்கரைப்பற்றில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வட்டை வேலையையும் கடை கந்தோர் அலுவல்களையும் விட்டு இவ்வளவு பேர் இங்கே கூடியிருப்பது எதற்காக? உர மானியம் கேட்பதற்காக அன்று. நெல்லுக்கு நியாயவிலை கேட்பதற்காகவும் அன்று. அவற்றுக்காக முன்னரும் கூடினோம், இனியும் கூடுவோம். இன்று நாம் கூடியிருப்பது, நம் மொழி அறியாத, நம்மை ஒருநாளும் கண்டிராத ஒரு மக்கட் கூட்டத்துக்காக.

பர்மா நமக்குப் புதிய நாடன்று. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி அங்கே விளைந்தது. 1942இல் ஜப்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றியதும் இங்கே அரிசித் தட்டுப்பாடு தலைவிரித்தாடியதை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நாட்டின் மேற்குக் கரையிலே, வங்காளத்தை அடுத்துக் கிடப்பது அரக்கான். நெல் விளையும் பூமி. நம்மைப் போல வயலையும் கடலையும் நம்பிய மக்கள். அவர்களுள் ஒரு பகுதியினரே ரோஹிங்கியா முஸ்லிம்கள்.

அவர்கள் செய்த குற்றம் யாது? 1982ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவ்வளவே! பெயரில்லாதவனுக்கு நாடில்லை, நாடில்லாதவனுக்கு நிலமில்லை, நிலமில்லாதவனின் வீட்டுக்குத் தீ வைத்தால் கேட்பாரில்லை. 2017 ஆகஸ்டில் இராணுவம் பாய்ந்தபோது, சில மாதங்களுள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து பங்களாதேஷுக்கு ஓடினர். இன்று கொக்ஸ் பஸார் முகாம்களில் 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் மூங்கிற் குடிசைகளில் அடைபட்டுக் கிடக்கின்றனர். நிதியில்லை என்று 2023இல் அவர்களுடைய உணவுப் பங்கு தலைக்கு மாதம் 12 டொலரிலிருந்து 8 டொலராகக் குறைக்கப்பட்டது. பசித்தவன் படகேறாமல் என்செய்வான்?

அப்படி ஏறிய படகுகளில் ஒன்று 2024 டிசம்பர் 19ஆம் திகதி எங்கே வந்து நின்றது? முள்ளிவாய்க்காற் கடலிலே! பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களைக் கண்டவர்கள் அவ்வூர் மீனவர். உணவும் நீரும் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்கள். 2009இல் ஒரு வாய்க் கஞ்சிக்கு வரிசையில் நின்று செத்த மண் அது. அந்த மண்ணின் மக்கள், வந்தவனின் மதத்தைக் கேட்கவில்லை, கடவுச்சீட்டைக் கேட்கவில்லை, பசியைத்தான் பார்த்தார்கள். ஆனால் கரையேறியவர்களைத் திருப்பியனுப்பும் பேச்சு அரசாங்கத் தரப்பிலிருந்து எழுந்தது. மக்கள் காட்டிய வழியிலே அரசாங்கம் நடந்தால் என்ன என்பதே நமது கேள்வி.

நண்பர்களே! "நம் வீட்டிலேயே ஆயிரம் தொல்லை, அயலான் கவலை நமக்கேன்?" என்பார் சிலர். சட்டத்தரணிகளாகிய நாம் அவர்களுக்கு ஒரு சட்டத்தை நினைவூட்ட விரும்புகிறோம். அது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம். மலையகத்திலே தேயிலை வளர்த்த இலட்சக்கணக்கான தமிழ் மக்களை ஒரே நாளில் நாடற்றவராக்கிய சட்டம். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று அவர்களைப் பங்கிட்டார்கள். அக்கறையைக் கழுவ 2003ஆம் ஆண்டுவரை, 55 ஆண்டுகள் சென்றன. காகிதத்தில் எழுதிய ஒரு வரி மனிதனை எப்படி அழிக்கும் என்பதை இலங்கை அறிந்ததுபோல் வேறெந்த நாடு அறியும்?

"முஸ்லிம்கள் என்பதனாற்றானே பேசுகிறீர்கள்?" என்பார் வேறு சிலர். 1990இல் வட மாகாண முஸ்லிம்கள் உடுத்த துணியோடு புத்தளத்துக்கு நடந்தார்கள். கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறி அகதிகளானோம். 2004 சுனாமியில் இத்தீவிலேயே மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம். அன்று நமக்குச் சோறும் கூடாரமும் தந்த தேசங்கள் நம் மதத்தைக் கேட்டனவா? அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று பேசுகிறோம்.

"ஒரு படகை ஏற்றால் இலட்சம் பேர் வருவர்" என்னும் அச்சத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. வாய்க்கால் உடைந்தால் வயலில் நீரை இறைத்துக்கொண்டிருப்பவன் விவசாயியல்லன். உடைப்பைப் போய் அடைப்பவனே விவசாயி. உடைப்பு அரக்கானிலே இருக்கிறது. அதை அடைக்க இலங்கையால் என்ன முடியும்?

பிற நாடுகளால் முடியாத ஒன்று முடியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாதியின் பெயரால் இங்கே உபசம்பதா மறுக்கப்பட்ட கரையோரப் பௌத்தர்கள் கடல் கடந்து பர்மாவின் அமரபுரத்துக்குச் சென்று அதைப் பெற்றனர். அமரபுர நிக்காய என்ற பெயரே அதற்குச் சாட்சி. ராமஞ்ஞ நிக்காயவின் வேரும் பர்மாவிலேயே உள்ளது. இங்கே கதவடைக்கப்பட்டவனுக்கு அங்கே கதவு திறந்தது. மேற்கத்திய நாடு பேசினால் அந்நியத் தலையீடு என்று மியன்மார் தட்டிக்கழிக்கலாம். இலங்கை பேசினால் அப்படிச் சொல்ல முடியாது.

ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு நாம் விசேடமாக ஒன்று சொல்வோம். தாங்கள் சார்ந்த இயக்கம் 1987 முதல் 1989 வரை வேட்டையாடப்பட்டபோது, அதன் தலைவர்களுள் உயிர் தப்பிய சோமவன்ச அமரசிங்க அவர்கள் அந்நிய நாடொன்றின் அடைக்கலத்திலேயே பல்லாண்டுகள் வாழ்ந்தார். அன்று அந்நாடு அவரைத் திருப்பியனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்? அடைக்கலத்தின் விலையைத் தங்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே இக்கூட்டத்தின் சார்பில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: கரை சேர்ந்தவரையும் இனிச் சேர்பவரையும் ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பியனுப்பக் கூடாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் நாம் ஒப்பமிடவில்லை என்பது உண்மை. ஆனால் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் 1994இல் சேர்ந்தோம். அதன் 3ஆம் உறுப்புரை நம்மைக் கட்டுப்படுத்துகிறது. அகதிகளுக்கென உள்நாட்டுச் சட்டமொன்றும் இயற்றப்பட வேண்டும்.

இரண்டாவது: இலங்கையும் மியன்மாரும் பங்களாதேஷும் இந்தியாவும் ஒருங்கே அமர்ந்திருக்கும் பிம்ஸ்டெக் அமைப்பில், பிரஜாவுரிமையோடும் பாதுகாப்போடும் இம்மக்கள் ஊர் திரும்பும் வழியை ஜனாதிபதி எழுப்ப வேண்டும். நம் மகாசங்கத்தின் பெரியோர்களையும் அப்பணிக்கு அழைக்க வேண்டும்.

மூன்றாவது: ஆபிரிக்காவின் சின்னஞ்சிறு கம்பியா 2019இல் மியன்மாரைச் சர்வதேச நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. இம்மக்களைப் பாதுகாக்குமாறு 2020 ஜனவரி 23ஆம் திகதி அந்நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் அயலிலுள்ள மாலைதீவும் அவ்வழக்கில் இடையீடு செய்தது. இனப்படுகொலைத் தடுப்புச் சமவாயத்தில் 1950இலேயே சேர்ந்த இலங்கை, அந்நீதிமன்றத்தின் பக்கம் நிற்கிறோம் என்றாவது உலகறியச் சொல்ல வேண்டும்.

பெரியோர்களே! அதிகாரத்தில் இருப்பவர் கேட்பாரோ கேளாரோ, கேட்க வேண்டியது நம் கடமை. அக்கரைப்பற்றிலும் ஆலையடிவேம்பிலும் உள்ள ஒவ்வொரு பள்ளிவாசலும் கோவிலும் விவசாயச் சங்கமும் இக்கோரிக்கைகளை எழுதி, ஒப்பமிட்டு, ஜனாதிபதிக்கு அனுப்பட்டும். ஒரு நாள் நம் பிள்ளைகளின் படகும் யாரோ ஒருவருடைய கரையைத் தேடக்கூடும். அக்கரையிலே நமக்கு என்ன வரவேற்பு வேண்டுமென விரும்புவோமோ, அதனை இக்கரையிலே இன்று நாம் செய்வோமாக!